யார் சொல்லி வந்தே?

பாஸ்டரம்மாவுக்குக் கோபம் வந்தால் தையல் நேராக விழும். அன்றைக்கு அவள் தைத்த தையலை அளவுகோல் வைத்துப் பார்த்திருக்கலாம். வெள்ளை அங்கியின் கீழ் மடிப்புக்குள் இரும்பு வாஷர்களை ஒவ்வொன்றாக வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் இறங்கும்போது அங்கி குடை மாதிரி விரிந்து மிதந்து, இறங்குகிறவரின் மானத்தை வாங்கிவிடக் கூடாது அல்லவா, அதற்காகத்தான் வாஷர். இது அவள் கணவரின் யோசனை. பாஸ்டர் ஆவதற்கு முன்னால் அவர் லிஃப்ட் மெக்கானிக். வாஷருக்கும் நட்டுக்கும் அந்த வீட்டில் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை.

கோபம் டைல்ஸ்காரர் மேல். அவர் அப்போதுதான் அவள் போட்ட காபியைக் குடித்துவிட்டு எழுந்து போயிருந்தார். சபை நிர்வாகத்தைப் பார்க்கும் டீக்கன்மாரில் மூத்தவர். டைல்ஸ் கடை வைத்திருப்பவர். ஆலய மேடைக்கு அடியில் இருக்கும் ஞானஸ்நானத் தொட்டிக்கு நீல டைல்ஸ் போட்டுக் கொடுத்தவர். போட்டுக் கொடுத்ததை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட யாரையும் மறக்க விடாதவர். தண்ணீர் நிற்கிற இடம், சொரசொரப்பான டைல்ஸாகப் பார்த்துக் கொடுங்கள் என்று பாஸ்டர் கேட்டுப் பார்த்தார். கடையில் மீந்துபோன சுவர் டைல்ஸ்தான் வந்து சேர்ந்தது. முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு வழவழப்பு. அதனால்தான் தொட்டிக்குள் இறங்குகிற ஒவ்வொருவரிடமும் பாஸ்டர், "மூணாவது படி வழுக்கும், பாத்து" என்று சொல்லிக் கை கொடுப்பார். ஜெபத்துக்கு முன்னால் அவர் சொல்லும் ஜெபம் அது.

போவதற்கு முன்னால் டைல்ஸ்காரர் பாஸ்டருடைய நாற்காலியிலேயே உட்கார்ந்துகொண்டு பேசினார்.

"நான் சுத்தி வளைக்கல, பாஸ்டர். உங்க பொண்ணுக்கு இருபத்தஞ்சு வயசாச்சு. இன்னும் ஞானஸ்நானம் எடுக்கல. ஊரார் பிள்ளைங்களையெல்லாம் முக்கி எடுக்கறீங்க, வீட்டுப் பிள்ளை கரையிலேயே நிக்குது. சபையில பேசறாங்க."

"யாரு பேசறாங்க?"

"பேசறாங்க."

"என்கிட்ட வரச் சொல்லுங்க. நானும் சேந்து பேசறேன்" என்றார் பாஸ்டர்.

டைல்ஸ்காரர் சிரிக்கவில்லை. "அடுத்த ஞானஸ்நான ஆராதனையில பொண்ணு தண்ணில இறங்கணும். இல்லேன்னா அங்கத்தினர் கூட்டம் போடறோம். வீட்டுக்குள்ளேயே பேச்சு எடுபடாதவரோட பேச்சு சபையில எப்படி எடுபடும்னு கேக்கறாங்க. கை தூக்கச் சொல்லிக் கேட்டுடுவோம். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

கூட்டம் என்றால் என்ன என்று பாஸ்டரம்மாவுக்கு விளக்க வேண்டியதில்லை. பாப்டிஸ்ட் சபையில் பாஸ்டருக்கு மேலே பிஷப் கிடையாது, முறையிட மேலிடமும் கிடையாது. அங்கத்தினர்கள் கை தூக்கி அழைத்தால் வரலாம். கை தூக்கிப் போகச் சொன்னால் போக வேண்டும். வேலை போனால் வீடும் போகும். அவள் ஜன்னலுக்குத் திரை தைத்து, சுவருக்கு வர்ணம் அடித்து, பிள்ளை பெற்று வளர்த்த இந்த வீடு சபையுடையது. ஒரு ஆணி அடிக்கக்கூட டீக்கன்மாரிடம் கேட்டுத்தான் அடித்திருந்தார்கள்.

இத்தனை வருஷம் இவர்களுக்குக் கல்யாணம் பண்ணிவைத்து, சாவு வீட்டில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் தூங்கி எழுந்த மனுஷனுக்கு இவர்கள் தேதி குறிக்கிறார்கள். ஊசி அவள் விரலில் ஏறியது. அதற்கும் டைல்ஸ்காரரைத்தான் திட்டினாள்.

டைல்ஸ்காரருக்கு இது பழைய பாக்கி. அவருடைய மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை வேறு சபைக்காரர். கல்யாணத்துக்குள் முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிடுங்கள் என்று கூட்டிக்கொண்டு வந்தார். பாப்டிஸ்ட் சபையில் கைக்குழந்தைக்குத் தண்ணீர் தெளிப்பதில்லை. தனக்கே புரிந்து, தானே கேட்டு வருகிறவர்களைத்தான் முக்கி எடுப்பார்கள். எல்லா பாஸ்டர்களும் தண்ணீருக்குள் இரண்டு கேள்வி கேட்பார்கள்: விசுவாசிக்கிறாயா, கடைசிவரை பின்பற்றுவாயா. இவர் மூன்றாவதாக ஒன்று கேட்பார்.

"யார் சொல்லி வந்தே?"

இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. யாரும் சொல்லவில்லை, நானாக வந்தேன். முந்தின வார வகுப்பில் மாப்பிள்ளையிடம் ஒத்திகை பார்த்தபோது, பாவம், அந்தப் பையன் சூதுவாது தெரியாதவன், "மாமாதான் சொன்னாரு" என்றான். பாஸ்டர் அவன் தோளில் தட்டி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை வேறெங்கோ போய் முழுகிவிட்டு வந்தான். கல்யாணமும் தடபுடலாக நடந்தது. ஆனால் டைல்ஸ்காரர் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

அந்த மூன்றாவது கேள்வி பாஸ்டருக்கு எங்கிருந்து வந்தது என்பது பாஸ்டரம்மாவுக்கு மட்டும் தெரியும். அவர் சிறுவனாக இருந்தபோது அவருடைய அப்பாவும் ஒரு சபையில் டீக்கன். டீக்கன் பிள்ளை இன்னும் முழுகவில்லையா என்று யாரோ கேட்டதற்காக, பையனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் இறக்கினார். தொட்டிக்கு மேலே அப்பா முறைத்துக்கொண்டு நின்றதுதான் அவருக்கு ஞாபகம் இருக்கிறதே தவிர, கடவுள் ஞாபகம் ஒன்றும் இல்லை. வளர்ந்து லிஃப்ட் வேலைக்குப் போனார். ஒரு மத்தியானம் கரண்ட் போய், இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்டின் கூரைமேல் மாட்டிக்கொண்டார். கீழே எட்டிப் பார்த்தால் குழி, மேலே பார்த்தால் கம்பி. அங்கே உட்கார்ந்து, யாரும் முறைக்காமல், யாரும் சொல்லாமல், வாழ்க்கையில் முதல்தடவையாகத் தானாக ஜெபம் பண்ணினார். கரண்ட் வந்தது. இறங்கி நேராக ஒரு பாஸ்டரிடம் போய், எனக்கு ஞானஸ்நானம் வேண்டும் என்று கேட்டார்.

"அப்ப சின்ன வயசுல நான் கொடுக்க வெச்சது என்னடா?" என்று அவர் அப்பா கத்தினார்.

"அது குளியல்ப்பா. இதுதான் முழுக்கு."

அந்த ஒரு வார்த்தைக்காக அப்பா அவரைத் தலைமுழுகிவிட்டார். கல்யாணத்துக்கும் வரவில்லை, பேத்தி பிறந்ததற்கும் வரவில்லை.

அதனால் மகள் பிறந்தபோதே பாஸ்டர் முடிவு செய்துவிட்டார், இந்தப் பிள்ளையைக் கை பிடித்துத் தெருவைக் கடக்க வைப்பேன், சைக்கிள் பழக்குவேன், தண்ணீருக்கு மட்டும் இழுக்க மாட்டேன் என்று. மகள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் இரத்தம் எடுக்கும் வேலை பார்த்தாள். அவளுடைய வெள்ளைக் கோட்டை இஸ்திரி போடுவது அவர். இரவு ஷிஃப்ட் முடிந்தால் ஸ்கூட்டரில் போய்க் கூட்டி வருவது அவர். வீட்டில் துணி மடிப்பதும் அவர்தான். டைல்ஸ்காரர் மனைவி ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "பாஸ்டர் துணியெல்லாம் மடிக்கிறாரே" என்று ஊரெல்லாம் இரக்கப்பட்டாள். பிரசங்கத்தில் மட்டும் ஒருநாளும் மகளை உதாரணமாக இழுத்ததில்லை. மற்ற பாஸ்டர்களின் பிள்ளைகள் பல் விழுந்தது முதல் பரீட்சையில் தோற்றது வரை மேடையேறும். இவருடைய மகள் கடைசி வரிசையில் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு இன்னும் தெரியலைப்பா" என்பாள், எப்போதாவது.

"தெரியும்போது சொல்லு" என்பார். பேச்சு அவ்வளவுதான்.

பாஸ்டரம்மாவால் அவ்வளவோடு விட முடியவில்லை. டைல்ஸ்காரர் போன அன்று, மடித்த துணிகளை அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்த கணவரிடம் சண்டைக்கே போய்விட்டாள்.

"ஒரு முங்கு. அவ்வளவுதானே? மூச்சைப் பிடிச்சு ஒரு முங்கு. அவளைக் கூப்பிட்டுச் சொன்னா என்ன?"

"சொன்னா வருவா. அதான் சொல்லல."

"தெருவுல நிக்கப் போறோம்."

"வாடகைக்கு வீடு பாக்கலாம். எனக்கு லிஃப்ட் வேலை மறந்தா போச்சு? முன்னாடி ஆளுங்களை மேல ஏத்தினேன், நடுவுல கீழ முக்கினேன், மறுபடியும் மேல ஏத்தறேன்."

"சிரிக்காதீங்க. பத்திக்கிட்டு வருது எனக்கு."

"அவகிட்ட மட்டும் சொல்லிடாதே" என்றார் அவர். இது சிரித்துக்கொண்டு சொன்னதில்லை. பாஸ்டரம்மா வாயைக் கட்டிக்கொண்டாள்.

ஆனால் டைல்ஸ்காரர் மனைவி வாயை யார் கட்டுவது? அவள் சர்க்கரை பரிசோதனைக்கென்று ஆய்வகத்துக்கே போனாள். கையை நீட்டினாள். பாஸ்டர் மகள் ஊசியைக் குத்தி, இரத்தம் குழாயில் ஏறிக்கொண்டிருக்கும்போது, அசைய முடியாத அந்த நேரம் பார்த்து, "பாவம்மா உங்கப்பா" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். தேதி, கூட்டம், வீடு, எதையும் விடவில்லை. மகள் ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து, "மடக்கி வெச்சுக்கோங்க ஆன்ட்டி" என்று மட்டும் சொன்னாளாம். மனசாட்சி உள்ளவர்கள் ஊசி குத்துகிற பிள்ளையிடம் பேசுகிற பேச்சா இது?

மறுநாள் காலை மகள், கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் வந்து, "எனக்கு ஞானஸ்நானம் வேணும்ப்பா" என்றாள்.

இஸ்திரிப் பெட்டி கையில் இருப்பதையே அவர் மறந்துவிட்டார். கோட்டில் ஒரு பழுப்புக் கறை விழுந்தது. "நீயா கேக்கறியா?" என்றார். "நானாத்தான்" என்றாள். வேறு யாராக இருந்தாலும் அவர் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பார், ஒரு மாதம் வகுப்புக்கு வரச் சொல்லியிருப்பார். இது அவருடைய மகள். அந்தப் பதிலுக்காக அவர் எத்தனை வருஷம் காத்திருந்தாரோ, அத்தனை வருஷமும் சேர்ந்து அவர் கண்ணைக் கட்டிவிட்டது. பாஸ்டரம்மாவுக்கு மட்டும் உள்ளே ஏதோ உறுத்தியது. உறுத்தலைத் தூர வைத்துவிட்டு, அலமாரியிலிருந்து நல்ல அங்கியாகத் தேடி எடுத்து, மகளின் உயரத்துக்கு மடித்து வாஷர் தைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயம் நிரம்பி வழிந்தது. பாஸ்டர் மகள் முழுகுவதைப் பார்க்க, ஈஸ்டருக்குக்கூட வராதவர்கள் வந்திருந்தார்கள். மேடைப் பலகைகளைத் தூக்கி ஓரமாகச் சாத்தியிருந்தார்கள். கீழே நீலமாகத் தண்ணீர். டைல்ஸ்காரர் முதல் வரிசையில், டைல்ஸ் நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பாஸ்டர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையை நீட்டினார்.

"மூணாவது படி வழுக்கும், பாத்து."

மகள் இறங்கினாள். அங்கி மிதக்கவில்லை. தொட்டி ஓரத்தில் பேட்டரி மைக் இருந்தது. முதல் கேள்விக்கு ஆம் என்றாள். இரண்டாவதற்கும் ஆம் என்றாள். பாஸ்டர் ஒரு கையை அவள் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"யார் சொல்லி வந்தே?"

மகள் குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். தண்ணீர் சலசலப்பதுகூட மைக்கில் கேட்டது. பாஸ்டரம்மா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, சொல்லிடு, சொல்லிடுடி, ஒரு வார்த்தை என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

"உங்களுக்காகத்தான்ப்பா" என்றாள் மகள். மெதுவாகத்தான் சொன்னாள். மைக்குக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

பாஸ்டர் கண்ணை மூடித் திறந்தார். முதுகுக்குப் பின்னால் வைத்த கையை எடுக்கவில்லை. "அப்ப இது குளியல்மா" என்றார். "குளியல் வீட்டுலயே இருக்கு. வா." கடைசிவரை தலைமுடி நனையாமல், கையைப் பிடித்து, வழுக்குகிற படியில் முதலில் அவளை ஏற்றிவிட்டுப் பின்னால் தான் ஏறி வந்தார்.

அன்றைக்கு வீட்டில் பாஸ்டரம்மா கணவரிடம் பேசவில்லை. மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாஸ்டர் இரண்டு அங்கிகளையும் பிழிந்து கொடியில் போட்டார். ஒரு மனுஷன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கலாமா என்று அவளுக்கு எரிச்சல். பிறகு யோசித்தாள். அவர் மட்டும் முக்கி எடுத்திருந்தால், அதே டைல்ஸ்காரர் அதே வரிசையில் எழுந்து நின்று, என் மாப்பிள்ளைக்கு ஒரு சட்டம், உங்கள் பொண்ணுக்கு ஒரு சட்டமா என்று கேட்டிருப்பார். எந்தப் பக்கம் விழுந்தாலும் குழி அவருக்காக வெட்டியதுதான். அது புரிந்ததும் எரிச்சல் கணவரைவிட்டு இறங்கி, போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

அந்த வாரமே கூட்டத்தை ஞாயிறு பள்ளி அறையில் போட்டார்கள். எல்லாம் குழந்தைகள் உட்காரும் குட்டி நாற்காலிகள். பெரிய மனிதர்கள் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். சட்டப்படி பாஸ்டர் வெளியே இருக்க வேண்டும். முழுகாததால் மகள் அங்கத்தினர் இல்லை, அவளும் வாசலில். பாஸ்டரம்மா அங்கத்தினர். "சிஸ்டர், நீங்க வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுக்கலாமே" என்றார் டைல்ஸ்காரர். "உக்காந்தே ரெஸ்ட் எடுத்துக்கறேன்" என்று முன் வரிசையில் உட்கார்ந்தாள். அவர் வீடு வீடாகப் போன் போட்டு எல்லாரையும் தயார் பண்ணியிருந்தது அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

ஜெபம் பண்ணினார்கள். ஜெபம் பண்ணிவிட்டுத்தான் இதையெல்லாம் செய்வார்கள். "பாஸ்டர் விலகணும்னு நினைக்கிறவங்க கை தூக்கலாம்" என்றார் டைல்ஸ்காரர். கைகள் எழுந்தன. யாருடைய மகளின் காய்ச்சலுக்குப் பாஸ்டர் ராத்திரியெல்லாம் கூட இருந்து பார்த்தாரோ, அந்தப் பேக்கரிக்காரர் கை. யாருக்குப் பாஸ்டர் ஜாமீன் கையெழுத்துப் போட்டாரோ, அந்த அண்ணன் தம்பி இரண்டு பேர் கை. பாஸ்டரம்மா எழுந்தாள்.

"நான் ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"இப்ப விவாதம் இல்ல, சிஸ்டர்."

"விவாதம் இல்ல. கேள்வி. நீங்க எல்லாரும் பதில் சொன்ன கேள்விதான்." அவள் பஸ் டிரைவர் முன்னால் போய் நின்றாள். நாற்பது வயதில் ஞானஸ்நானத்துக்கு வந்தவர். நாள் முழுக்க அத்தனை பெரிய பஸ்ஸை ஓட்டுகிற மனுஷன், தண்ணீரைக் கண்டதும் நடுங்கிப்போய் பாஸ்டரின் கழுத்தைக் கட்டிக்கொண்டவர். "அண்ணே, யார் சொல்லிக் கை தூக்கினீங்க?"

பஸ் டிரைவர் சுவரில் ஒட்டியிருந்த ஆட்டுக்குட்டிப் படத்தைப் பார்த்தார். பிறகு கையை இறக்கினார். "டைல்ஸ்காரர் போன் பண்ணாரு, பாஸ்டரம்மா" என்றார்.

யாரோ சிரித்து நிறுத்தினார்கள். அவள் அடுத்த நாற்காலிக்குப் போனாள். தையல்கார அக்கா கேள்வி வருவதற்கு முன்பே கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அதற்கடுத்தவள் அழுதாள், கை இறங்கவில்லை. பேக்கரிக்காரரிடம் கேட்டாள்.

"யாரும் சொல்லல. நானாத்தான் தூக்கினேன்" என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"தண்ணிக்குள்ளயும் இதேதான் சொன்னீங்க. அன்னிக்குக் கண்ணைப் பாத்துச் சொன்னீங்க."

"போதும், சிஸ்டர். எண்ணலாம்" என்றார் டைல்ஸ்காரர்.

எண்ணினார்கள். இறங்கிய கைகளைவிட இறங்காத கைகள் அதிகம். சுவர் டைல்ஸைத் தரையில் போட்டவர் கூட்டத்தை முடித்து நன்றி சொன்னார். பாஸ்டரம்மா அந்தக் குட்டி நாற்காலிகளுக்கு நடுவில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "தொட்டியில ஒரு பதில், நாற்காலியில ஒரு பதில். நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். குரல் உடையவில்லை. உடைவதற்கு அவர்கள் தகுதியில்லை என்று நினைத்தாள்.

வாசலில் மகள் ஆஸ்பத்திரிக் கோட்டோடு நின்றிருந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். இருவரும் ஆலயத்துக்குள் போனார்கள். மேடைப் பலகைகள் இன்னும் ஓரத்தில்தான் சாத்தியிருந்தன. தொட்டியில் தண்ணீரை வடியவிட்டு, கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு, பாஸ்டர் உள்ளே குந்தி உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார். படியில் இன்னொரு பிரஷ் கிடந்தது.

"என்னாச்சு?" என்றார், நிமிராமல்.

"போச்சு."

அவர் கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு மறுபடி தேய்த்தார்.

"அவன் போட்ட டைல்ஸை நீங்க ஏன் தேய்க்கணும்?" என்றாள் பாஸ்டரம்மா. அத்தனை நேரம் அடக்கி வைத்த அழுகை இந்த அற்ப விஷயத்துக்கு வந்துவிட்டது. "வரப்போறவன் வந்து தேய்ச்சுக்கட்டும். விடுங்க. எழுந்து வாங்க."

"முழுகினவங்க நம்ம ஆளுங்கதானே" என்றார் அவர். "அழுக்கோட விட்டுட்டுப் போக வேணாம்."

நம்ம ஆளுங்க. அவளுக்கு மறுபடியும் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. மகள் செருப்பை ஓரமாக விட்டுவிட்டு, கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, முதல் படியில் கால் வைத்தாள்.

பாஸ்டர் இன்னும் நிமிரவில்லை. ஆனால் பிரஷ் நின்றுவிட்டது.

"யார் சொல்லி வந்தே?"

"யாரும் சொல்லலைப்பா" என்றாள் மகள். "நானாத்தான் வந்தேன்."

பாஸ்டர் நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தார். பிறகு ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினார்.

"மூணாவது படி வழுக்கும், பாத்து."